‘டக்’னு ஒரு சத்தம், லாரி ஸ்டார்ட் ஆகல... புது செல்ஃப் மோட்டார்தான் வாங்கணுமா?

அதிகாலை 3 மணி. நாமக்கல்லில் முட்டை ஏற்றிய லாரி ஒன்று கேரளாவுக்குக் கிளம்பத் தயாராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தார்ப்பாய் கட்டியாச்சு, பில் கைக்கு வந்தாச்சு, கிளீனர் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாச்சு. டிரைவர் சாவியைத் திருப்புகிறார். ‘டக்’. அவ்வளவுதான். டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன, ஹாரன் அடிக்கிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை. மறுபடி திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’.

பைக் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். லோடு ஏற்றிய லாரியை யார் தள்ளுவது? எலக்ட்ரீஷியனுக்கு போன் போகிறது. நிலைமையைக் கேட்டதுமே பல நேரம் வரும் தீர்ப்பு இதுதான்: “செல்ஃப் போயிடுச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்.”

லாரிக்கான புது செல்ஃப் மோட்டார் என்றால், மாடலைப் பொறுத்து பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, மாதத் தவணையும் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அது ஒரு டிரிப்பின் லாபத்தையே விழுங்கிவிடும் தொகை. ஆனால் அந்த ‘டக்’ சத்தத்துக்குப் பின்னால் உண்மையில் செத்துப்போயிருப்பது, பல சமயங்களில், நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு செம்புத் தகடும் அது தொடுகிற இரண்டு போல்ட் தலைகளும்தான். மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும்.

அந்தச் செம்புத் தகடு இருக்கிற இடத்தின் பெயர் சோலனாய்டு. அதைத் திறந்து சரிசெய்ய முடியுமா? முடியும். எப்போதும் சரிசெய்யலாமா? கூடாது. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள, முதலில் அது என்ன வேலை பார்க்கிறது என்று பார்த்துவிடலாம்.

சாவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் யார்?

செல்ஃப் மோட்டாரை நம்ம ஊரில் ‘செல்ஃப்’ என்றே சொல்கிறோம். ஹேண்டிலைக் கையால் சுற்றி இன்ஜினைக் கிளப்பிய காலத்தில், தானாகவே சுற்றும் மோட்டார் வந்தபோது அதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’. 1912-ல் அமெரிக்காவில் காடிலாக் கார்களில் வந்தது. பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

டீசல் இன்ஜினைக் கிளப்புவது லேசான வேலை இல்லை. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டும். டீசலில் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜின் காற்றைச் சுமார் பத்தில் ஒரு பங்காக அமுக்கினால், டீசல் இன்ஜின் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக அமுக்கும். இவ்வளவு எதிர்ப்பையும் மீறி இன்ஜினை வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்குகிறார்கள். அப்படியும் சுற்றுகிற அந்தச் சில நொடிகளில் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரென்ட் சில நூறு ஆம்பியர். வீட்டில் ஏசிக்குப் போடும் பிளக் பாயின்ட்டே 16 ஆம்பியர்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இத்தனை கரென்ட்டைச் சாவி சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் உருகி ஊற்றிவிடும். எனவே சாவி ஒரு சின்ன கரென்ட்டை மட்டும் அனுப்புகிறது. அந்தச் சின்ன உத்தரவை வாங்கிக்கொண்டு பெரிய வேலையைச் செய்வதுதான் சோலனாய்டு. செல்ஃப் மோட்டாரின் முதுகில் குட்டி டப்பா போல உட்கார்ந்திருக்கும்.

அந்த டப்பாவுக்குள் கம்பிச் சுருள், அதன் நடுவே முன்னும் பின்னும் நகரும் ஓர் இரும்பு உருளை. உருளையின் பெயர் பிளஞ்சர். சுருளில் கரென்ட் பாய்ந்ததும் அது காந்தமாகி பிளஞ்சரை உள்ளே இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒரு முனையில் நெம்புகோல் நகர்ந்து, பெண்டிக்ஸ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பல்சக்கரத்தைத் தள்ளி, இன்ஜினின் ரிங் கியரோடு கோத்துவிடும். மறுமுனையில் செம்புத் தகடு நகர்ந்து போய் இரண்டு தடித்த போல்ட் தலைகளை ஒன்றாகத் தொடும். ஒரு போல்ட் பேட்டரியிலிருந்து வருவது, இன்னொன்று மோட்டாருக்குப் போவது. தகடு இரண்டையும் தொட்டதும் பாலம் போட்ட மாதிரி. மோட்டார் சுற்றும், இன்ஜின் கிளம்பும்.

நீங்கள் கேட்கும் ‘டக்’ என்பது, அந்தத் தகடு போய் மோதும் சத்தம். அதாவது சாவி, வயர், சுருள், பிளஞ்சர் எல்லாமே வேலை செய்துவிட்டன. பாலமும் விழுந்துவிட்டது. ஆனால் பாலத்தின் மேல் கரென்ட் போகவில்லை.

செம்பு ஏன் கருகுகிறது?

ஒவ்வொரு முறை தகடு தொடும்போதும் விலகும்போதும் ஒரு தீப்பொறி. சின்ன மின்னல் மாதிரி. அது செம்பைக் கொஞ்சம் உருக்கும், கொஞ்சம் தெறிக்க வைக்கும், மேற்பரப்பில் கருப்புப் படலம் போடும். ஊருக்குள்ளேயே ஓடி, நாளுக்கு முப்பது முறை நின்று கிளம்பும் வண்டியில் இது சீக்கிரம் நடக்கும். நெடுந்தூர லாரியில் மெதுவாக. இரண்டு போல்ட் தலைகளும் ஒரே அளவில் தேய்வதும் இல்லை. ஒன்று பள்ளமாகிவிட, இன்னொன்று உயரமாகவே நிற்கும். தகடு உயரமானதைத் தொட்டு நின்றுவிடும். பள்ளமான பக்கத்தை எட்டவே எட்டாது.

சில டிரைவர்கள் இரும்பு ராடால் சோலனாய்டை ரெண்டு தட்டு தட்டுவார்கள், வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். மந்திரம் எல்லாம் இல்லை. தட்டும்போது தகடு கொஞ்சம் திரும்பி, கருகாத இடம் போல்ட்டுக்கு நேராக வந்துவிடுகிறது. நாளைக்கும் தட்ட வேண்டியிருக்கும். நாளை மறுநாள் தட்டியும் கேட்காது. (மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் தட்டினால் சில சமயம் வேலை செய்யும். ஆகவே தட்டி ஸ்டார்ட் ஆனதை வைத்து மட்டும் சோலனாய்டுதான் என்று முடிவு கட்ட முடியாது.)

ஆனால் செம்பைக் கருக்குவதில் முதல் குற்றவாளி பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். பேட்டரி பலவீனம், டெர்மினலில் பூத்த வெள்ளைப் பச்சைப் பூஞ்சை, தளர்ந்த எர்த் கேபிள். இவற்றால் வோல்டேஜ் குறையும்போது சுருள் தகட்டை இறுக்கிப் பிடிக்காது. தகடு நடுங்கும். ஒரு தொடுதலில் ஒரு தீப்பொறி வர வேண்டிய இடத்தில் பத்து, இருபது வரும். இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புது சோலனாய்டோ, ஏன், புது செல்ஃப் மோட்டாரோ போட்டாலும் அதே கதை சில மாதங்களில் திரும்பி வரும்.

டெஸ்ட் லேம்ப் எரியுது, அப்போ கரென்ட் வருதுதானே?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கருகிய சோலனாய்டைத் தாண்டி ஒரு சின்ன பல்பை மாட்டினால் அது எரியும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். “சோலனாய்டு நல்லாத்தான் இருக்கு, மோட்டார்தான் போச்சு” என்று சொல்லிவிடுவார்கள்.

பரனூர் டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா லேனையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். நள்ளிரவில் தனியாக வரும் ஒரு காருக்கு அது தெரியவே தெரியாது, சட்டென்று போய்விடும். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அதே ஒற்றை லேன் என்ன கதியாகும்? கருகிய செம்பும் அப்படித்தான். பல்பு கேட்பது ஒரு ஆம்பியரோ அதற்கும் குறைவோ. அதற்கு வழி இருக்கிறது. மோட்டார் கேட்பது முந்நூறு. அதற்கு வழி இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். கருகிய இடத்தின் தடை வெறும் 0.007 ஓம் என்று வையுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் இதைப் பிடிக்கவே முடியாது. ஆனால் 300 ஆம்பியர் அதன் வழியே போகும்போது 2 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே தொலைந்துபோகும். 300 ஆம்பியரை 2 வோல்ட்டால் பெருக்கினால் 600 வாட். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதிக்கு மேல், ஒரு நாணயம் அளவு இடத்தில். கருகியது மேலும் கருகுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

ஆகவே அளக்க வேண்டியது, செல்ஃப் அடிக்கும் அந்த நொடியில். சோலனாய்டில் மூன்று இணைப்புகள் இருக்கும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த போல்ட் 30, மோட்டாருக்குப் போகும் போல்ட் எம், சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் 50. மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து, ஒரு முனையை 30-லும் இன்னொன்றை எம்-லும் வைத்தால், சும்மா நிற்கும்போது பேட்டரியின் முழு வோல்டேஜையும் காட்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, அது சட்டென்று பூஜ்யத்துக்கு அருகில் இறங்க வேண்டும். 0.2, 0.3 வரை பரவாயில்லை. ‘டக்’ என்று கேட்ட பிறகும் 24 அப்படியே நின்றால் தகடு போல்ட்டைத் தொடவே இல்லை. 2, 3 என்று நின்றால் தொடுகிறது, ஆனால் கருகியிருக்கிறது. பூஜ்யத்துக்கு வந்தும் மோட்டார் சுற்றவில்லையா? அப்போது சோலனாய்டு நிரபராதி. பேட்டரி, எர்த், கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் பக்கம் தேட வேண்டும்.

அதே நேரத்தில் பேட்டரியின் இரண்டு கடைசி முனைகளிலும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. செல்ஃப் அடிக்கும்போது 24 வோல்ட் 19-க்குக் கீழே விழுந்தால் விசாரணையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே அளந்தால் எர்த் கேபிளின் லட்சணமும் தெரிந்துவிடும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மொத்தம் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ‘செல்ஃப் போச்சு’ என்று சொல்வது, காய்ச்சல்காரரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி போடுவது போல.

‘டக் டக் டக் டக்’ என்று தொடர்ந்து அடித்தால்?

அது வேறு நோய். புரிய வேண்டும் என்றால் சுருளுக்குள் கொஞ்சம் நுழைய வேண்டும்.

சோலனாய்டுக்குள் இருப்பது ஒரு சுருள் அல்ல, இரண்டு. தடித்த கம்பியில் சுற்றிய ஒன்று பிளஞ்சரை இழுப்பதற்கு. புல்-இன் காயில் என்பார்கள். மெல்லிய கம்பியில் சுற்றியது, இழுத்ததைப் பிடித்து வைத்திருக்க, ஹோல்ட்-இன் காயில். தூரத்தில் இருக்கும் பிளஞ்சரை இழுக்க நிறைய பலம் வேண்டும், வந்த பிறகு பிடித்து வைக்கக் கொஞ்சம் போதும் என்பதால் இந்த ஏற்பாடு. இரண்டுக்கும் உத்தரவு 50-லிருந்து வருகிறது. ஹோல்ட்-இன் பாடியில் எர்த் ஆகிறது. புல்-இன் எம் போல்ட்டில் முடிந்து, மோட்டார் வழியாக எர்த்தைத் தேடுகிறது. தகடு பாலம் போட்டதும் எம் போல்ட்டுக்கும் பேட்டரி வோல்டேஜ் வந்துவிடும். புல்-இன் காயிலின் இரு முனையிலும் ஒரே வோல்டேஜ். அதில் கரென்ட் நின்றுவிடும். இழுக்கிற வேலை முடிந்த நொடியிலேயே அது தானாக ஓய்வெடுத்துக்கொள்கிறது. தனி சுவிட்ச் எதுவும் இல்லை! பழைய காலத்து வடிவமைப்பாளர்களின் கெட்டிக்காரத்தனத்துக்கு இது ஒன்று போதும்.

இப்போது ஹோல்ட்-இன் காயில் அறுந்துவிட்டது என்று வையுங்கள். புல்-இன் இழுக்கும், பாலம் விழும், உடனே புல்-இன் ஓய்வுக்குப் போய்விடும், பிடித்து வைக்க ஆள் இல்லாததால் ஸ்பிரிங் தகட்டைத் தள்ளிவிடும். பாலம் போனதும் புல்-இன் மறுபடி விழித்து இழுக்கும். ‘டக் டக் டக் டக்’. பேட்டரி டவுனாக இருந்தாலும் இதே தாளம்தான் வரும். காரணம் மட்டும் வேறு. மோட்டார் இழுத்ததும் வோல்டேஜ் விழுந்து, ஹோல்ட்-இன் பிடி தளர்ந்துவிடுகிறது. எனவே முதலில் நல்ல பேட்டரி, நல்ல கேபிள். அப்புறமும் அடித்தால்தான் காயில் மேல் சந்தேகப்பட வேண்டும்.

சத்தமே இல்லையா? 50 வயரில் வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சாவி, ரிலே, வயரிங். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 கட்டாயமான பிறகு வந்த வண்டிகளில் செல்ஃபுக்கு உத்தரவு தருவது பெரும்பாலும் கம்ப்யூட்டர். கியர் நியூட்ரலில் இல்லை என்று அது நினைத்தாலே உத்தரவு போகாது. அதற்கு சோலனாய்டைக் கழற்றிப் பயனில்லை.

திறந்து என்ன செய்கிறார்கள்?

அளந்து பார்த்தாச்சு, செம்புதான் கருகியிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு செல்ஃப் மோட்டாரைக் கீழே இறக்குகிறார்கள். இதில் அவசரம் கூடாது. 30 போல்ட்டில் எப்போதும் கரென்ட் இருக்கும், சாவி போட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்பேனர் ஒரு பக்கம் அந்த போல்ட்டையும் மறுபக்கம் சேஸிஸையும் தொட்டால் வெல்டிங் அடித்தது போல ஒட்டிக்கொள்ளும். கையில் இரும்பு மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்ப்பது அதனால்தான்.

சோலனாய்டின் பின்பக்கம் கருப்பு மூடி. சில மாடல்களில் அது ஸ்க்ரூ அல்லது போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கழற்றினால் உள்ளே தெரியும். சிலவற்றில் சுருளின் கம்பி முனைகளை மூடியின் டெர்மினலில் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதைச் சூடாக்கி எடுத்த பிறகே மூடி வரும். இன்னும் சிலவற்றில் டப்பாவின் விளிம்பையே மடித்து மூடியை இறுக்கியிருப்பார்கள். அதைப் பிரித்தால் திரும்ப அதே மாதிரி மூடுவது கஷ்டம். ரிப்பேரா, மாற்றுவதா என்ற முடிவில் பாதி, தயாரிப்பாளர் மூடியை எப்படி மூடினார் என்பதிலேயே இருக்கிறது.

திறந்ததும் தெரியும் காட்சி: செம்புத் தகட்டில் போல்ட் பட்ட இடத்தில் இரண்டு கருகிய பள்ளங்கள். போல்ட் தலைகளிலும் பிறை வடிவத்தில் அரிப்பு. கையில் கிட் இருந்தால் தகட்டையும் போல்ட்டுகளையும் புதிதாகவே போட்டுவிடலாம். பல மாடல்களுக்குத் தனியாகக் கிடைக்கும். சில நூறு ரூபாய் சமாசாரம். வாங்கும்போது ஒரு காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. செம்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள்.

கிட் கிடைக்காவிட்டால் பழைய கைங்கரியம் ஒன்று இருக்கிறது. தகட்டைக் கழற்றித் திருப்பிப் போடுவது. பின்பக்கம் எதையும் தொட்டிருக்காது, புதுசு போல இருக்கும். போல்ட்டுகளையும் தளர்த்தி அரைச் சுற்று திருப்பி மாட்டினால், தலையின் தேயாத பாதி தகட்டுக்கு நேராக வந்துவிடும். அதாவது எந்தச் செலவும் இல்லாமல் சோலனாய்டுக்குள்ளேயே இன்னொரு ஆயுள் ஒளிந்திருக்கிறது! எல்லா மாடலிலும் இது முடியாது. போல்ட் தலை சதுரமாக ஒரே திசையில் பொருந்துகிற மாதிரி இருந்தால் திருப்ப வழியில்லை.

அரம் போட்டுத் தேய்ப்பதும் உண்டு. அதில்தான் கவனம் வேண்டும். தேய்க்கத் தேய்க்க போல்ட் தலை தாழ்ந்துபோகும். தகடு நகரும் தூரமோ அதேதான். ரொம்பத் தேய்த்தால் பளபளப்பாக இருக்கும், ஆனால் தகடு எட்டாது. எட்டினாலும் அழுத்திப் பிடிக்காது. இரண்டு தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். எமரி தாளை விட மெல்லிய அரமே நல்லது, தாளின் துகள்கள் செம்பில் பதிந்துவிடும். பிளஞ்சரில் துரு இருந்தால் அதையும், உள்ளே படிந்த செம்புப் பொடியையும் துடைத்தெடுத்துவிட வேண்டும்.

மூடும்போது இன்னொரு கண்டம். 30 போல்ட்டின் நட்டை முழு பலத்தோடு முறுக்கினால், போல்ட் உள்ளே திரும்பி, தகட்டுக்கும் அதற்கும் இருந்த நேர்கோடு போய்விடும். மூடியே விரிசல் விடுவதும் உண்டு. உள் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டை இறுக்க வேண்டும். நல்ல சோலனாய்டுகள் பல, நட்டு இறுக்கும்போதுதான் செத்திருக்கின்றன.

காயில் கருகியிருந்தால் சுற்றித் தர மாட்டார்களா?

தருவார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடைகளில் சோலனாய்டு காயிலும் கட்டுவார்கள். ஆனால் ரிப்பேர் பற்றி இவ்வளவு நேரம் சொன்ன நல்ல வார்த்தை இந்த இடத்தில் செல்லாது.

காரணம் மேலே சொன்ன இரட்டைச் சுருள். சாவியை விட்டதும் 50-க்கு வரும் உத்தரவு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த நொடியில் தகடு இன்னும் பாலத்தின் மேல்தான் இருக்கிறது. எம் போல்ட்டில் பேட்டரி வோல்டேஜ் இருப்பதால், கரென்ட் அங்கிருந்து புல்-இன் காயிலுக்குள் தலைகீழாக நுழைந்து, ஹோல்ட்-இன் வழியாக எர்த்துக்குப் போகும். ஒன்று ஒரு பக்கம் காந்தமாக, இன்னொன்று எதிர்ப்பக்கம் காந்தமாக, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். ஸ்பிரிங் தகட்டைத் தள்ளிவிடும். இது சரியாக நடக்க வேண்டுமென்றால் கம்பியின் தடிமன் வேறாக இருந்தாலும் இரண்டு சுருள்களிலும் சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

எண்ணாமல் குத்துமதிப்பாகச் சுற்றினால்? இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், சாவியை விட்டுவிடுவீர்கள், சோலனாய்டு விடாது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்து, கருகி, கேபிள் வரை சூடாகும். கருகிய தகடு போல்ட்டோடு வெல்டிங் ஆகி ஒட்டிக்கொண்டாலும் இதே விபத்துதான். இன்ஜினை அணைத்தாலும் மோட்டார் நிற்காது, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சைத்தான் தேட வேண்டும். எனவே காயில் போயிருந்தால், மூடி உடைந்திருந்தால், உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தால் புது சோலனாய்டே மேல். அப்போதும்கூட முழு செல்ஃப் மோட்டார் தேவையில்லை. சோலனாய்டு தனியாகக் கிடைக்கும், அதை மட்டும் கழற்றி மாட்டலாம்.

சரிசெய்த சோலனாய்டை வண்டியில் ஏற்றுவதற்கு முன் மேஜையிலேயே பரீட்சை வைக்கலாம். 50-ல் பேட்டரி பாசிட்டிவ், பாடியிலும் எம்-லும் நெகட்டிவ் கொடுத்தால் பிளஞ்சர் பட்டென்று உள்ளே போக வேண்டும். எம் இணைப்பை எடுத்தால் உள்ளேயே நிற்க வேண்டும், ஹோல்ட்-இன் பாஸ். பாடி இணைப்பையும் எடுத்தால் வெளியே வர வேண்டும். கடைசியாக, பாசிட்டிவை எம்-க்கு மாற்றி, நெகட்டிவைப் பாடிக்குக் கொடுத்து, பிளஞ்சரைக் கையால் அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தாமதிக்காமல் திரும்பி வர வேண்டும். காயில் கட்டியவர் சுற்றுகளை எண்ணினாரா என்பது இதில் தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் சில நொடிகள் மட்டும், இல்லாவிட்டால் சுருள் சூடாகிவிடும்.

ஸ்க்ரூடிரைவர் போட்டு ஸ்டார்ட் செய்யலாமா?

வண்டிக்கு அடியில் படுத்து 30-ஐயும் 50-ஐயும் ஸ்க்ரூடிரைவரால் இணைப்பது ரோட்டோர வித்தை. வேலை செய்யும். (30-ஐயும் எம்-ஐயும் இணைத்தால் மோட்டார் தனியாகச் சுற்றுமே தவிர, பெண்டிக்ஸ் போய்க் கோக்காததால் இன்ஜின் சுற்றாது.) வேலை செய்வதுதான் ஆபத்தே. சாவிப் பக்கம் இருக்கும் எல்லாப் பாதுகாப்பையும் இது தாண்டிவிடுகிறது. கியர் விழுந்திருந்தால் லாரி நகரும், அடியில் ஆள் இருப்பார். டயருக்குக் கட்டை, ஹேண்ட்பிரேக், நியூட்ரல் மூன்றையும் ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் யாரும் அடியில் போகக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பொறி பறந்தால், சார்ஜ் ஆகும்போது வந்த ஹைட்ரஜன் வாயு வெடிக்கவும் கூடும்.

இந்த வித்தைக்குப் பயந்தோ என்னவோ, சில டிரைவர்கள் வேறு வழிகளைக் கையாள்கிறார்கள். இறக்கமான இடம் பார்த்து நிறுத்துவது. லோடு இறக்கும் வரை இன்ஜினை அணைக்காமலேயே வைத்திருப்பது. ராத்திரி முழுக்க லிட்டர் கணக்கில் டீசல் எரியும், சில நூறு ரூபாய் செம்புக்காக.

ரிப்பேர் செய்வது உரிமையா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் உரிமை’ பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல்-எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள் ஆகியவற்றோடு வாகனத் துறையும் அதில் இருக்கிறது. உதிரி பாகமும் பழுதுபார்க்கும் தகவலும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். சோலனாய்டு விஷயத்தில் இதன் அர்த்தம் ரொம்ப எளிமையானது. போல்ட்டும் தகடும் தனியாக விற்கப்பட்டால், மூடி கழற்றும்படி இருந்தால், ரிப்பேர் சாத்தியம். இரண்டும் இல்லை என்றால் செம்பு கருகிய ஒவ்வொரு முறையும் மொத்த டப்பாவையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரித் தொழில் ஊர்களிலும், பழைய பாகங்களுக்குப் பேர்போன சென்னை புதுப்பேட்டையிலும் இந்த வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. எலக்ட்ரீஷியன் பக்க நியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். புதுசு மாட்டினால் அரை மணி நேர வேலை, வாரன்டி உண்டு, திரும்பி வந்தால் கம்பெனி பதில் சொல்லும். ரிப்பேர் செய்தால் இரண்டு மணி நேரம், கூலி குறைவு, வழியில் நின்றால் ராத்திரி போன் அவருக்குத்தான் வரும். அவர் ‘புதுசு போட்டுடலாம்’ என்று சொல்வதில் பேராசை மட்டுமே இருப்பதாக நினைக்க வேண்டியதில்லை. கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வண்டிக்காரர் தயாராக இருந்தால் பல கடைகளில் பேச்சு மாறும்.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய தகட்டையும் போல்ட்டுகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருப்பும் பள்ளமும் கண்ணுக்கே தெரியும். பிறகு மீட்டரை மறுபடி 30-லும் எம்-லும் வைக்கச் சொல்லி, ஒருமுறை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3-க்கு மேல் போகவில்லை என்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு லோடு ஏற்றக் கிளம்பலாம்.